குருவிக்கும் விட்டிலுக்கும் ஒரு பந்தயம்

தமிழில் விட்டில் பூச்சிக்கு நல்ல பேர் கிடையாது. காதலித்துக் கெட்டவன், சீட்டாடிக் கெட்டவன், சொந்தப் படம் எடுத்துக் கெட்டவன் எல்லோரையும் 'விளக்கில் விழுந்த விட்டில்' என்று ஒரே ஃபைலில் போட்டு நாடாவைக் கட்டிவிடுவோம். குருவிக்கு அந்தக் கஷ்டமில்லை. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தால் குருவி. விடியற்காலையில் எழுந்தால் குருவி. பி.எஃப். லோன் போட்டு ஐந்நூறு சதுர அடியில் வீடு கட்டினால், அது குருவிக்கூடு.

இரண்டும் பறக்கிற ஜாதிதான். ஒன்று உழைப்பாளி, இன்னொன்று மக்கு என்று யாரோ எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அப்பீல் பண்ண ஆளில்லாததால் தீர்ப்பு நின்றுவிட்டது.

2011-ல் அப்பீல் வந்தது. ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் சில விஞ்ஞானிகள் ராத்திரி ராத்திரியாக ரேடாரை வைத்துக்கொண்டு, ஊர் விட்டு ஊர் போகும் பாட்டுப் பறவைகளையும் விட்டில்களையும் அளந்தார்கள். எது எவ்வளவு வேகம், எது எந்தத் திசை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். லண்டன் ராயல் சொஸைட்டியின் ஆராய்ச்சிப் பத்திரிகையில் முடிவு வெளியானது.

பி.காம். படித்தவனுக்குப் பூச்சியோடு என்ன சகவாசம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த முடிவைப் படித்தபோது எனக்குப் பூச்சி ஞாபகமே வரவில்லை. என்னோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பந்தயம்.

★

இந்தப் பக்கம் குருவி. நம் வீட்டு ஓட்டில் கூடு கட்டும் சிட்டுக்குருவி இல்லை. ஐரோப்பாவில் வில்லோ வார்ப்ளர் என்று ஒரு கதிர்க்குருவி. வில்லோ என்றால் கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த மரத்தின் குடும்பம். எடை சுமார் 9 கிராம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கம்மி. இலைப் பச்சையும் மஞ்சளுமாக, இலைக்குள் உட்கார்ந்தால் இலை மாதிரியே இருக்கும். பாட்டு கேட்டால்தான் ஆள் இருப்பது தெரியும். இதன் பங்காளி ஒன்று, பச்சைக் கதிர்க்குருவி, குளிர்காலத்தில் நம் ஊர் மரங்களுக்கும் வந்து போகிறது. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை. கையில் செல்போன்.

இந்த 9 கிராம் ஆசாமி கோடையில் வட ஐரோப்பாவில் குடித்தனம் நடத்திவிட்டு, குளிர் வருமுன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறார். நடுவில் மத்தியதரைக் கடல். அது முடிந்ததும் சஹாரா. அதையும் தாண்டித்தான் அவருக்கு இறங்குகிற ஸ்டேஷன். கிழக்கு ரஷ்யாவின் கடைக்கோடியில் இருக்கிற சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். ஒரு வழிப் பயணமே சுமார் 13,000 கிலோமீட்டர் என்று, அவற்றின் முதுகில் குட்டிக் கருவி கட்டிவிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டி.ஏ. கிடையாது, எல்.டி.சி. கிடையாது. வசந்தத்தில் அதே தூரம் திரும்பி வர வேண்டும்.

அந்தப் பக்கம் விட்டில். பெயர் ஸில்வர் ஒய். சாம்பலும் பழுப்புமான இறக்கையில் வெள்ளி மையால் ஒரு இங்கிலீஷ் 'ஒய்' எழுதியிருக்கும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு உண்டிவில் கவட்டை. நான் வெள்ளிக்கவட்டை என்றே கூப்பிடப் போகிறேன். இறக்கையை விரித்தால் மூன்றரை, நாலு சென்டிமீட்டர். புழுவாக இருக்கும்போது கோஸ், பட்டாணி, பீட்ரூட் என்று எதையும் விட்டுவைக்காது. விவசாயிகளிடம் பேர் ரிப்பேர்.

இதை நீங்கள் டி.வி.யில் பார்த்திருக்கிறீர்கள். 2016 ஜூலை 10, ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். பிரான்ஸும் போர்ச்சுகலும். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முழங்காலில் அடிபட்டு ரொனால்டோ புல்தரையில் உட்கார்ந்து அழுகிறார். உலகமே பார்க்கிறது. அப்போது எங்கிருந்தோ ஒரு பூச்சி பறந்து வந்து அவர் புருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே, அது வெள்ளிக்கவட்டைதான். ஸ்டேடிய விளக்குகளை நம்பிக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருந்தது. ரொனால்டோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். போர்ச்சுகல் எக்ஸ்ட்ரா டைமில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அந்தப் பூச்சி கோடிக்கணக்கான பேர் பார்த்த ஒரு க்ளோஸ்-அப் காட்சியில் நடித்துவிட்டுச் சம்பளம் வாங்காமல் போய்விட்டது.

அங்கே அது சுற்றுலா வரவில்லை. வழியில் இருந்தது. வெள்ளிக்கவட்டையும் வட ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வசந்தத்தில் கிளம்பி வட ஐரோப்பாவுக்குப் போகிற ஜீவன். குருவி போகிற அதே ரூட்டில், அதே ராத்திரி சர்வீஸ்.

★

இப்போது சொல்லுங்கள். யார் மீது பணம் கட்டுவீர்கள்?

எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரெவின்யூ டிபார்ட்மென்ட்டில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். அவரிடம் கேட்டேன்.

"இதிலே என்ன தம்பி சந்தேகம்? குருவிதான். எலும்பு இருக்கு, சதை இருக்கு. பூச்சிக்கு என்ன இருக்கு? ஊதினாப் பறந்துடும்."

அவர் சொன்னது சரி. காற்றே இல்லாத இடத்தில் இரண்டையும் பறக்கவிட்டால், விட்டிலின் வேகம் பாட்டுப் பறவையின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கணக்கு வசதிக்காகக் குருவி மணிக்கு 45 கிலோமீட்டர், பூச்சி 15 என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானிகளும் பெரியவர் கட்சியில்தான் இருந்தார்கள். காற்று அடிக்கிற பக்கம் போகிற தூசு மாதிரிதான் பூச்சி, அதற்கென்று வேகமோ திசையோ பெரிதாக இருக்க முடியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

தெற்கு ஸ்வீடனில் ரேடார் வைத்துக் குருவி ஜாதியை அளந்தார்கள். ராத்திரி வானத்தில் ரேடாருக்கு ஒவ்வொரு குருவியின் பேரும் தெரியாது. சின்னப் பாட்டுப் பறவைகள் என்கிற வரைக்கும் தெரியும். நம்ம கதிர்க்குருவியை அவற்றின் பிரதிநிதியாக நான் நிறுத்தியிருக்கிறேன். தெற்கு இங்கிலாந்தில், வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் பூச்சி ரேடார். அது தலைக்கு மேலே சில நூறு மீட்டரில் போகிற ஒற்றைப் பூச்சியைக்கூடப் பிடித்து, சைஸ் என்ன, எந்தப் பக்கம் முகம், என்ன வேகம் என்று சொல்லிவிடும். சில நூறு மீட்டர் என்றால், நம் எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்குங்கள். அந்த உயரத்தில் ஒரு விட்டில்.

ரிசல்ட்: இரண்டும் தரையைத் தாண்டிய வேகம் கிட்டத்தட்ட ஒன்று. மணிக்கு 30-லிருந்து 65 கிலோமீட்டர். போன திசையும் கிட்டத்தட்ட ஒன்று. வசந்தத்தில் வடக்கே, இலையுதிர் காலத்தில் தெற்கே.

மூன்று மடங்கு பலசாலியும் மூன்றில் ஒரு பங்குக்காரனும் ஒரே நேரத்தில் ஆபீஸுக்கு வந்து கார்டு பஞ்ச் பண்ணுகிறார்கள்.

★

எப்படி என்பதைச் சம்பள பில் போட்டால் உடனே புரிந்துவிடும்.

குருவிக்கு பேஸிக் 45. அலவன்ஸ் சில ராத்திரி கொஞ்சம் கிடைக்கும், பல ராத்திரி பூஜ்யம். பூச்சிக்கு பேஸிக் 15. காற்று அலவன்ஸ் 30. கையில் வாங்குவது இரண்டு பேரும் 45.

பெரியவரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அப்ப காத்தடிக்கிற பக்கம் சாஞ்சுட்டா போதும்னு எழுதப் போறியா? ஏற்கெனவே பசங்க ஒன்பது மணிக்கு முன்னாடி எழுந்திருக்கறதில்லை."

"இல்லை ஸார். சாஞ்சா போதாது. அந்தப் பூச்சி மூணு வேலை பண்ணுது."

"என்ன மூணு?"

முதல் வேலை, ராத்திரியைத் தேர்ந்தெடுப்பது. வெள்ளிக்கவட்டை தினமும் கிளம்பாது. இலையுதிர் காலத்தில் தெற்கே போக வேண்டுமா, வடக்கிலிருந்து காற்று அடிக்கிற ராத்திரிக்குக் காத்திருக்கும். எதிர்க்காற்று ராத்திரியில் கீழேயே இருந்துவிடும். 15-ஐ வைத்துக்கொண்டு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஏறினால் பின்னால்தான் போக முடியும் என்கிற கணக்கு அதற்குத் தெரிகிறது. வாரியத் தேர்வு எழுதாமலே தெரிகிறது.

இரண்டாவது, உயரத்தைத் தேர்ந்தெடுப்பது. வானத்தில் காற்று எல்லா மாடியிலும் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. எந்த மாடியில் ஓட்டம் அதிகமோ, அந்த மாடிக்குப் போய்விடுகிறது. கூட்டம் குறைவான கவுன்டர் எது என்று பார்த்து நிற்கிறோமே, அந்த மாதிரி.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. காற்று தான் போக வேண்டிய திசையிலிருந்து விலகிப் போனால், பூச்சி உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் இறக்கையடித்து, விலகலைக் கொஞ்சமாவது சரி பண்ணிக்கொள்கிறது. ராத்திரியில், அத்தனை உயரத்தில், நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பூச்சி, தனக்குள்ளே ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு காற்றோடு பேரம் பேசுகிறது. 'உன் வேகம் வேண்டும். உன் திசை முழுசாக வேண்டாம்.'

அவ்வளவு நேரமும் இறக்கை நிற்கவில்லை. அந்த 15 தினமும் கட்டியாக வேண்டிய 15.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று சொன்ன நம் பாட்டன்கள் இதைத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பழமொழியை இப்போது சந்தர்ப்பவாதத்துக்கு சர்டிபிகேட் மாதிரி உபயோகிக்கிறோம். களத்து மேட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கதிரடித்து, நெல்லைக் குவித்து, கையில் முறத்தோடு தயாராக நிற்பவனுக்குத்தான் காற்று உபயோகம். காற்று வந்த பிறகு முறம் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போனவனுக்குக் கண்ணில் தூசிதான் விழும்.

பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பூச்சி கெட்டிக்காரன்தான். குருவி ஏன் இந்த மாதிரி பண்றதில்லை? அதுக்குப் புத்தி கம்மியா?"

நல்ல கேள்வி. குருவியும் பின்காற்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அதற்காகக் கடை கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. சொந்த இறக்கையில் 45 வைத்திருக்கிறவர், காற்று வந்தாலும் வராவிட்டாலும் தன் திசையில் கிளம்பிவிடுகிறார். வசந்தத்தில் சீக்கிரம் போய்ச் சேர்ந்த ஆண் குருவிக்குத்தான் நல்ல மரமும் நல்ல இடமும். பல்லாயிரம் கிலோமீட்டரையும் ஒவ்வொரு ராத்திரியும் காற்று பார்த்துக் காற்று பார்த்துக் கிளம்பினால், போய்ச் சேருவதற்குள் ஊரில் மனை எல்லாம் விற்றுப் போயிருக்கும்.

★

இப்போது விலை.

விஞ்ஞானிகள் இதைக் கிட்டத்தட்ட ஷேர் மார்க்கெட் பாஷையில் எழுதியிருக்கிறார்கள். பூச்சியுடையது ரிஸ்க் எடுக்கிற வழி. குருவியுடையது ரிஸ்க்கைத் தவிர்க்கிற வழி. பூச்சி மியூச்சுவல் ஃபண்ட், குருவி போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிக்கு அந்த ரிஸ்க் கட்டுப்படியாகிறது. ஒரு பெண் விட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பத்து போனாலும் பத்து வரும். குருவிக்கு ஓர் ஈட்டுக்கு ஆறோ ஏழோ முட்டைதான்.

இன்னொரு விலையும் உண்டு. கிளம்பின விட்டில் திரும்பி வருவதில்லை.

வசந்தத்தில் தெற்கிலிருந்து வட ஐரோப்பாவுக்குப் போன வெள்ளிக்கவட்டை அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே கதையை முடித்துக்கொள்கிறது. அந்த முட்டையில் பிறந்தவைதான் இலையுதிர் காலத்தில் தெற்கே கிளம்புகின்றன. தெற்கு எப்படி இருக்கும் என்று அவை பார்த்ததில்லை. பார்த்த அம்மா அப்பா உயிரோடு இல்லை. வடக்கிலேயே தங்கிவிடலாம் என்றால் அந்தக் குளிரைத் தாங்காது.

2012-ல் இதற்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். பிரிட்டனுக்கு மட்டும் ஒரு வசந்தத்தில் வந்து இறங்கும் வெள்ளிக்கவட்டைகள் 1 கோடியிலிருந்து 24 கோடி வரைக்கும். ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருக்காது. கோடை முடிந்து அடுத்த தலைமுறை தெற்கே திரும்பும்போது எண்ணிக்கை சுமார் நான்கு மடங்கு. ஒரு குடும்பமாகப் பார்த்தால் அபார லாபம். ஒற்றைப் பூச்சியாகப் பார்த்தால் ஒரு வழி டிக்கெட்.

குருவி திரும்பி வரும். பிழைத்திருந்தால் அதே குருவி, அதே நாட்டுக்கு, அதே பாட்டோடு திரும்பி வரும். ஆனால் அதன் குஞ்சும் முதல் பயணத்தில் கிட்டத்தட்ட விட்டில் நிலைமைதான். பிறந்து சில மாதமே ஆன கதிர்க்குருவி, வழிகாட்ட அப்பா அம்மா கூட வராமல், ராத்திரியில் தனியாக ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறது. எந்தப் பக்கம் என்று பிறக்கும்போதே எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஆக, இரண்டு பேருக்கும் திசை சொந்தம். இறக்கை சொந்தம். காற்று மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

★

என்னோடு படித்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு பேரும் ஒரே கிளாஸ், கிட்டத்தட்ட ஒரே மார்க். காஸ்ட் அக்கவுன்டன்ஸியில் இரண்டு பேருமே ஒரு தடவை கோட்டை விட்டவர்கள். ஒருத்தன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மாதம் சொற்பச் சம்பளத்துக்கு வவுச்சர் டிக் அடித்துக்கொண்டிருந்தான். 2016-ல் ஜி.எஸ்.டி. மாதிரிச் சட்டத்தின் வரைவு வெளியானபோது, வேறு வேலை இல்லாததால் அதைப் படித்தான். மதியம் தயிர்சாதத்தோடு படித்தான். 'வராத வரிக்கு இவன் நோட்ஸ் எடுக்கறான்' என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். 2017 ஜூலை 1 அன்று வரி வந்தது. ஊரில் பாத்திரக் கடைக்காரரிலிருந்து பட்டுச்சேலைக்காரர் வரை அத்தனை பேரும் திகைத்து நின்றபோது, விஷயம் தெரிந்தவன் எங்கள் செட்டில் அவன் ஒருத்தன். இன்றைக்கு அவனுக்குச் சொந்த ஆபீஸ், எட்டு ஸ்டாஃப், ரிசப்ஷனில் மீன் தொட்டி.

அதில் அவன் உழைப்பு உண்டு. முறத்தோடு நின்றவன் அவன்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவன் இப்போது காலேஜ் ஆண்டு விழாக்களில் 'கடின உழைப்பே வெற்றி' என்று பேசுகிறான். காற்று என்கிற வார்த்தையே அவன் பேச்சில் வருவதில்லை.

இரண்டாமவன் அவனைவிட உழைப்பாளி. அதை நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். வேலையை விட்டு, சேமிப்பையும் அம்மாவின் இரண்டு வளையலையும் போட்டு, கடனுக்கு இரண்டு வேன் எடுத்து டிராவல்ஸ் ஆரம்பித்தான். நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்ட தேதி 2020 பிப்ரவரி. மார்ச் 25 அன்று தேசம் முழுக்கக் கதவைச் சாத்தினார்கள்.

தவணையை ஆறு மாதம் தள்ளிப் போடலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. வட்டி ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. அவன் வேனில் காய்கறி ஏற்றினான். இ-பாஸ் வாங்கிக்கொண்டு, ஊரில் மாட்டிக்கொண்டவர்களை வீடு சேர்த்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி ஐந்து மணிக்கு எழுந்தான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், ஆரம்பித்த இடத்திலேயே நின்றான்.

வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "கூடப் படிச்சவன் மீன் தொட்டி வெச்சிருக்கான். நீ என்னடா பண்ணினே?" இதை அவன் அப்பா எங்கள் எதிரிலேயே கேட்டார். அவன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஒரு வாரம் யார் போனையும் எடுக்கவில்லை. அந்த ஒரு வாரம் நாங்கள் பயந்தது எங்களுக்குத்தான் தெரியும்.

45 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஒரு கதிர்க்குருவி பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பது மாதிரி இருக்கும். சோம்பேறிக் குருவி என்பார். நின்ற இடத்தில் நிற்பதற்கே அது முழு 45-ஐயும் செலவழித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கவட்டையாக இருந்தால் அந்த ராத்திரி கிளம்பியே இருக்காது. ஆனால் இவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டான். கடனில் எடுத்த வேனை நடு வானத்தில் இறக்கி வைக்க முடியாது.

★

அந்த ரேடார்க்காரர்கள் செய்த ஒரு காரியத்தைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். இத்தனை விஷயமும் அதில்தான் இருக்கிறது.

அவர்கள் தரையைத் தாண்டிய வேகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நிறுத்தியிருந்தால் 'இரண்டும் சமம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்றைக்கு, அந்த உயரத்தில், காற்று எந்தப் பக்கம் எவ்வளவு அடித்தது என்றும் பார்த்தார்கள். மொத்தத்திலிருந்து காற்றைக் கழித்தார்கள். மிச்சம் வந்ததுதான் அந்த உயிர் தன் இறக்கையால் சம்பாதித்தது. அந்தக் கழித்தலைப் போட்ட பிறகுதான் குருவியின் பலமும் தெரிந்தது, பூச்சியின் சாமர்த்தியமும் தெரிந்தது. அதுவரை இரண்டுமே மறைந்துதான் இருந்தன.

நம் ஆபீஸ் அப்ரைஸல் ஃபாரத்தில் அந்தக் காலம் கிடையாது. டார்கெட் எவ்வளவு, முடித்தது எவ்வளவு, சதவீதம் எவ்வளவு. எந்த ஏரியா, எந்த வருஷம், என்ன காற்று என்று கேட்பதில்லை. கல்யாண மார்க்கெட்டிலும் கிடையாது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சுத்தமாகக் கிடையாது.

அதனால் இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்களைவிட முந்திப் போய்விட்ட ஒருத்தரையும், பின்தங்கிவிட்ட ஒருத்தரையும் நினைத்துக்கொண்டு அந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். முந்தினவர் மேல் பொறாமை கொஞ்சம் குறையும். அவர் காற்றைக் கண்டுபிடித்த சாமர்த்தியத்துக்கு மரியாதை கூடவும் செய்யலாம். பின்தங்கினவருக்கு ஒரு போன் பண்ணத் தோன்றும். பண்ணுங்கள். புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். "சாப்ட்டியா?" போதும்.

அதே கழித்தலை உங்களுக்கும் ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள். விடை இரண்டு விதமாகவும் வரலாம். இரண்டையும் தாங்கிக்கொள்ளத் தெம்பு வேண்டும்.

டிராவல்ஸ் நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 2022 கோடையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஜனம் கிளம்பியபோது அவனிடம் ஓட்டுகிற நிலையில் இரண்டு வேன் இருந்தன. இரண்டு வருஷமும் விற்காமல் வைத்திருந்தான். இப்போது ஐந்து. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"இவன் சின்ன வயசிலிருந்தே கடுமையான உழைப்பாளி, தம்பி. எனக்கு அப்பவே தெரியும்."

நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே நல்ல காற்று.